கேமராவோடு வந்த கார்டு

எனக்குப் பயம் முதலில் வயிற்றில்தான் தெரியும். பரீட்சை, தெருநாய், கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்பது, எல்லாவற்றுக்கும் அதே வயிறுதான் கலங்கும். வாய் மட்டும் ஊரைக் கூட்டும். "இவ பயந்தவன்னு சொன்னா எவளாவது நம்புவாளா?" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமராவைத் தேர்ந்தெடுக்கப் போன கதை இது.

விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு. வீடு திண்டிவனத்தில். தினமும் பஸ். அந்த வருஷம் புகைப்படம் தனிப் பாடமாக வந்தது. கல்லூரிக்கென்று இருந்தது ஒரே கேமரா. சொந்தக் கேமரா இல்லாதவர்கள் அதற்காக வரிசையில் நிற்க வேண்டும், என் முறை வருவதற்குள் வெயில் இறங்கிவிடும். இருட்டாக ஒரு மரம், இருட்டாக ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, இவைதான் என் ரெக்கார்டு நோட்டில் இருந்தன.

அப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். அதிகம் பேச மாட்டார். நான் ஒரு மாதம் முனகியதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "ஒரு தபாதான் பாப்பா வாங்கித் தர முடியும். ஜல்தி பண்ணாத. நல்லா பாத்து எடு." அவ்வளவுதான் பேச்சு. அந்த 'ஒரு தபா' என்ற சொல் என் தொண்டையில் மீன்முள் மாதிரி உட்கார்ந்துகொண்டது.

வகுப்பில் இரண்டு கட்சி இருந்தது. கழுத்துப் பட்டையில் மஞ்சள் எழுத்து உள்ள கேமரா ஒரு கட்சி, சிவப்பு எழுத்து உள்ளது இன்னொரு கட்சி. தேர்தலுக்குக்கூட எங்கள் பிள்ளைகள் அப்படி அடித்துக்கொண்டதில்லை. மஞ்சள் பக்கம் போனால் சாயந்தர வெளிச்சம் நன்றாக வரும் என்றான் ஒருவன். சிவப்பு பக்கம் போனால்தான் முகத்தின் நிறம் முகத்தின் நிறமாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஒரு பக்கம் போய்விட்டால் பிறகு வாங்கும் லென்ஸ் எல்லாம் அந்தப் பக்கத்துக்கே வாங்க வேண்டும், திரும்பி வர முடியாது என்று இருவருமே சொன்னார்கள். எனக்கு அந்த ஒன்று மட்டும் நன்றாகக் கேட்டது.

விழுப்புரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போய் நின்றேன். கண்ணாடிக்குள் கேமராக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரர் என் செருப்பிலிருந்து ஆரம்பித்து மேலே வரை பார்த்துவிட்டு, "வாங்குறதா இருந்தா எடுத்துக் காட்டுறேம்மா" என்றார். "கையில புடிச்சுப் பாக்காம எதை சார் வாங்குறது, கத்திரிக்காயைக்கூட திருப்பிப் பாத்துதான வாங்குறோம்" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். இனி அந்தக் கடைக்குப் போக முடியாது.

மிச்சமிருந்த வழி பழைய கேமரா. திண்டிவனத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு அண்ணன், பெரிய கேமராவுக்கு மாறப்போவதால் தன்னுடையதை விற்கப்போவதாகத் தெரிய வந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, எல்லாவற்றுக்கும் அவர்தான் போவார். பழைய கேமரா வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நான் ஒரு பக்கம் முழுக்க எழுதிவைத்திருந்தேன். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா, உள்ளே தூசி விழுந்திருக்கிறதா, ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது. நான் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவர் சிரித்துவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இத்தினி கேள்வி கேக்க மாட்டாங்க. நம்பிக்கை இல்லன்னா ரெண்டு நாள் வீட்ல வச்சிக்கினு பாரு. திங்கக்கிழமை வந்து சொல்லு. புடிச்சா எடுத்துக்க, புடிக்கலையா, குடுத்துட்டுப் போயிக்கினே இரு."

அது சனிக்கிழமை காலை. வாசலில் வேன் நின்றது, ஒரு கல்யாண வேலைக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார். பையை அப்படியே என் தோளில் மாட்டினார். "கார்டு, பேட்டரி எல்லாம் உள்ளயே கீது" என்றார். அன்றைய வேலைக்குப் புதுக் கேமரா ஒன்றை நண்பரிடம் வாங்கி வைத்திருந்தார். யாரோ ஒருத்தியின் கையில் இப்படி ஒரு பொருளைத் தூக்கிக் கொடுக்க எப்படி மனசு வருகிறது என்று எனக்கு ஆச்சரியம். வீடு போய்ச் சேரும்வரை பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் கேமராவை ஆன் செய்ததும் மெமரி கார்டில் படங்கள் இருப்பது தெரிந்தது. மிச்சம் எடுக்கக்கூடிய எண்ணிக்கை குறைவாகக் காட்டியது. பின்னால் இருக்கும் பட்டனை ஒருமுறை அழுத்தியிருந்தால் என்ன படம் என்று பார்த்திருக்கலாம். நான் அழுத்தவில்லை. அடுத்தவர் வீட்டு விசேஷம், அடுத்தவர் முகம், நமக்கு எதற்கு? பெட்டி திறந்திருந்தாலும் எட்டிப்பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். எல்லாம் ஆல்பமாகிப் போன பழைய கல்யாணங்களாக இருக்கும், விற்கிற கேமராவில் வேறு என்ன இருக்கப்போகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்கு மேல் வகுப்பில் படித்த பாடம் இருந்தது. எங்கள் ஆசிரியர் முதல் நாளே தலையில் அடித்துச் சொன்னது: புதுக் கேமரா கைக்கு வந்தால் கார்டை முதலில் ஃபார்மட் பண்ணு, பிறகுதான் படம். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை நான் ஒழுங்காகச் செய்தேன். 'எல்லாப் படங்களும் அழிந்துவிடும்' என்று திரையில் எச்சரிக்கை வந்தது. சரி என்று அழுத்தினேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை.

பிறகு படமாக எடுத்துத் தள்ளினேன். தூசி பார்க்க வெள்ளைச் சுவர். கெட்டுப்போன புள்ளி இருக்கிறதா என்று பார்க்க மூடியைப் போட்டுக்கொண்டு இருட்டு. எதிர்வீட்டுச் சேவல். அறுபது படம் போல ஆகியிருக்கும். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துக்கொண்டு எழுந்து ஓடுகிறவள். அன்று நான் பட்டையைக் கழுத்தில் போடாமல் ஒரு கையால் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் நின்றேன். "அய்யோ, கீழ போட்டுடாதடீ, அடுத்தவங்க பொருளு" என்று பதறி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போது அழுத்தினேன். அந்த ஒன்று நன்றாக வந்திருந்தது. இதுதான் என் கேமரா என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். ஸ்டூடியோ அண்ணன் போன் பண்ணினார்.

"பாப்பா, நேத்து கல்யாண அவசரத்துல மறந்துட்டேன். அந்தக் கார்டுல ஒரு வேலை கீது, கம்ப்யூட்டர்ல ஏத்தல. மரக்காணம் பக்கம், வெள்ளிக்கிழமை ஒரு சாவு வீட்ல எடுத்தது. அந்தம்மாவுக்கு வேற படமே கெடையாது. ஓட்டு அட்டையில பாத்தா ஆளா நிழலான்னே தெரியல. பையன் நாளைக்கு நாலு மணிக்கு வர்றான். பத்திரமா வச்சிக்க, சரியா?"

"சரிங்கண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஊருக்கே பதில் சொல்கிற வாய் 'சரிங்கண்ணா' என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தது. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருந்தபோது படம் எடுத்துக்கொள்ளாதவர் இறந்துவிட்டால், உடலை எடுப்பதற்கு முன் ஸ்டூடியோக்காரரைக் கூப்பிடுவார்கள். அவர் அந்த முகத்தைப் படம் எடுத்துப்போய், கம்ப்யூட்டரில் கண்களைத் திறந்து, நல்ல சேலை உடுத்தி, காரியத்துக்குப் படையல் போட ஃப்ரேம் செய்து கொடுப்பார். அந்த அம்மாவை அடக்கம் செய்தாகிவிட்டது. இனி யாராலும் அந்த முகத்தை எடுக்க முடியாது. பூமியில் அந்த முகம் இருந்த ஒரே இடத்தை நான் சுத்தமாகத் துடைத்துவைத்திருந்தேன்.

அழுதேன். அழுகையைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. செத்தவரை இன்னொருமுறை சாகடித்தது மாதிரி ஒரு பயம். ஸ்டூடியோ அண்ணன் என்ன செய்வார், அந்தப் பையன் என்ன செய்வான், அப்பா மண்டியில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா. அம்மாவிடம் சொல்லவில்லை. கல்லூரியில் வேலை என்று பொய் சொல்லிவிட்டு, கேமராப் பையோடு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

என்னோடு படித்த ஒருத்திக்குக் கம்ப்யூட்டர் கைவந்த கலை, வீடு விழுப்புரம் ஜங்ஷன் பக்கம். பஸ்ஸில் இருந்தே அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "கேமராவை ஆன் பண்ணாத. ஒரு படம்கூட எடுக்காத. கார்டை வெளிய எடுத்துடு" என்றாள். எடுத்து ஒரு பேப்பரில் மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டது. பக்கத்து சீட்டு அம்மா, "என்ன பாப்பா, ஒடம்பு சரியில்லியா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது" என்று கேட்டார். தலையாட்டினேன். கை வியர்த்து, பேப்பர் ஈரமாகிக்கொண்டே வந்தது. அந்த ஈரம் கார்டுக்குள் போய்விடுமோ என்று அதற்கும் பயம்.

தோழி அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் அழிந்ததை மீட்கும் ஒரு மென்பொருளை ஏற்றி வைத்திருந்தாள். "ஃபார்மட் பண்ணா படம் உடனே அழியாதுடி. அது மேல நீ புதுசா எடுத்தா அந்த எடம்தான் போயிடும். எத்தினி எடுத்த?"

"அறுபது. பாதி எதிர்வீட்டுச் சேவல்."

"அறுபதா? சேவலையா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அவளை அறையத் தோன்றியது.

திரையில் ஒரு பச்சைக்கோடு நகர ஆரம்பித்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. தெரியாத கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வந்தன. யார் யாரோ மாலை மாற்றினார்கள், யார் யாரோ பந்தியில் வாயைத் திறந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு ஓலைக் கொட்டகை வந்தது. அடுத்து ஒரு முகம்.

அந்த அம்மாவின் படங்கள் மூன்றுதான் கிடைத்தன. முதலில் இருந்தது நேராக எடுத்தது, மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். இரண்டாவதில் யாரோ ஒருவரின் கை குறுக்கே வந்திருந்தது. மூன்றாவது முழுசாக இருந்தது, ஆனால் பக்கவாட்டில் எடுத்தது. முகம் லேசாக வலப்பக்கம் சாய்ந்திருந்தது. ஐம்பது வயதுகூட இருக்காது. நெற்றியில் பெரிய குங்குமம். கண்கள் மூடியிருந்தன. தோழி என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு மூச்சு வந்தது.

திங்கட்கிழமை கல்லூரிக்குப் போகவில்லை. மதியம் ஸ்டூடியோவுக்குப் போனேன். மீட்ட படங்களை என் படங்களோடு அதே கார்டில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. ஸ்டூடியோ அண்ணன் கார்டைச் செருகி ஒரு நிமிஷம் பார்த்தார். திரும்பவேயில்லை.

"ஃபைல் பேரெல்லாம் மாறிக் கீது. ஃபார்மட் பண்ணியா?"

தலையாட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்தவர் படத்தைப் பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் இருந்தது, ஆசிரியர் சொன்னது, பஸ், தோழி, பச்சைக்கோடு. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எட்டு படம் எடுத்தேன். மூணு கீது" என்றார். "தப்பு என் மேலயும்தான். யாராவது கார்டோட குடுப்பாங்களா, நான் ஒரு கூமுட்டை." மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினார். "பேஜாரு இதான். நேரா எடுத்த படம் போச்சு. இது சாய்ஞ்சி கீது."

அவரிடம் 'கண்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பல வருஷமாகச் சேர்த்தது. ஆண் கண், பெண் கண், வயதான கண். இமை திறந்த கண்களாக அந்த ஃபோல்டரே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் நேராகப் பார்ப்பவை. சாய்ந்த முகத்தில் வைத்தால் பொம்மை மாதிரி முழித்தன. ஒன்று வைத்தார், எடுத்தார். இன்னொன்று வைத்தார். சாய்த்துப் பார்த்தார். மணி மூன்று ஆனது.

எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. அவர் படத்தைப் பெரிதாக்கிய கணமே தெரிந்துவிட்டது. அதே சாய்வு, இடதுபக்கமிருந்து அதே வெளிச்சம், ஏறக்குறைய அதே வயது. வாசற்படியிலிருந்து பதறி நிமிர்ந்த என் அம்மா. அதே கார்டில் நாலு படம் தள்ளி இருந்தாள். அவருக்கு அது இன்னும் கண்ணில் படவில்லை. நான் சும்மா இருந்தால் போதும்.

உயிரோடிருக்கும் அம்மாவின் கண்ணை எடுத்துச் செத்தவர் முகத்தில் வைப்பதா? மாலை போடப்போகிற படத்தில்? நான் சாமி நம்புகிறவளா என்றால் பரீட்சைக்கு மட்டும் நம்புவேன். அன்று எல்லா சாமியும் ஞாபகத்துக்கு வந்தது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மறுபக்கம் அந்தப் பையன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். அவனுக்கு இருந்த எட்டில் ஐந்தை அழித்தவள் நான். அவன் அம்மா ஆயுசுக்கும் சுவரில் பொம்மைக்கண்ணோடு முழிப்பதற்குக் காரணமும் நானாகத்தான் இருப்பேன்.

"அண்ணா, கொஞ்சம் எழுந்திரிங்க" என்றேன். "நான் பண்றேன்."

அம்மாவின் படத்தைத் திறந்தேன். அவர் நாற்காலியைத் தள்ளிப்போட்டார். கண்ணைச் சுற்றி மவுஸை இழுக்கும்போது கோடு இரண்டுமுறை கோணிக்கொண்டு போனது. இரண்டையும் வெட்டி எடுத்து அந்த முகத்தில் வைத்தேன். ஓரங்களைக் கரைத்தேன். தோலின் நிறத்துக்குக் கொஞ்சம் கறுப்பு கூட்டினேன். பொருந்திவிட்டது. பொருந்தாமல் போயிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். யாரோ ஒரு அம்மாவின் முகத்திலிருந்து என் அம்மா என்னைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு அந்தப் பையன் வந்தான். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். கடல் வெயிலில் கறுத்த ஆள், தலையை மழித்திருந்தான். பிரிண்டை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். 'இது எங்கம்மா இல்லை' என்று சொல்லப்போகிறான் என்று ஒவ்வொரு நொடியும் காத்திருந்தேன்.

"எங்கம்மா போட்டோவுக்கு நிக்கவே மாட்டா" என்றான். "இந்தப் பார்வை எப்பிடிண்ணா புடிச்சீங்க? நான் படகு தள்ளுறப்ப கரையில நின்னுக்கினு இப்பிடித்தான் பார்ப்பா. அலை மேல ஏறித் தாண்டுற வரைக்கும் இப்பிடித்தான் பாத்துக்கினே நிப்பா."

ஸ்டூடியோ அண்ணன் என்னைக் கைகாட்டினார். "தங்கச்சிதான் பண்ணிச்சி."

அவன் படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனால் அன்று சொல்லாமல் விட்டது நல்ல எண்ணத்தால் அல்ல, பயத்தால்.

அந்தக் கேமராவையே வாங்கிக்கொண்டேன். படிப்பு முடியும்வரை அதுதான். பிறகு வேலைக்குப் போய் வேறு கேமராக்கள் வந்தன. அம்மாவை மட்டும் அதன்பிறகு எதிலும் எடுத்ததில்லை. அவளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தால், எந்த ஊரில் இருந்தாலும் மரக்காணம் பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அந்தக் கண்கள் ஞாபகம் வந்துவிடும். உடனே கிளம்பி வந்துவிடுவேன். "சளி புடிச்சதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" என்று திட்டுவாள்.

போன பொங்கலுக்கு நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். வழக்கமாக ஓடுகிறவள் அன்று ஓடவில்லை.

"எனக்குன்னு ஒரு நல்ல படம் இல்லடீ. ஒன்னு எடுத்து வச்சிடு. பின்னாடி நீங்க தேடிக்கினு அலையக் கூடாது பாரு."

"லைட் சரியில்லம்மா, நாளைக்கு எடுக்கலாம்" என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.